மெஷின் வாங்கினால் போதுமா?

‘ஒரு பிரிண்டர், ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போர்டு கடை தானாக ஓடும்’ என்று எழுதியிருப்பவர், அப்படியொரு கடையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கட்டும். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் லோகோ கைப்பேசித் திரைக்குத்தான் சரி. பத்தடி போர்டுக்கு இழுத்தால் கட்டம் கட்டமாகச் சிதறும். அதைத் திரும்ப வரைவதற்குக் கூலி கேட்டால் முகம் சுளிப்பார்கள். யூனிகோடில் வந்த தமிழைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஓர் ஒற்று விழுந்தாலும், அச்சான ஃபிளெக்ஸ் மொத்தமும் கடைக்காரர் தலையில். மெஷினைச் சில நாள் ஓட்டாமல் விட்டால் மை உறைந்து ஹெட் அடைத்துக்கொள்ளும்.

விலையைக் குறைத்தால் ஆர்டர் குவியும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். பக்கத்துக் கடைக்காரரும் குறைப்பாரே!

அப்படி எழுதியவர் சட்டப் பொறுப்பைத் தொடவே இல்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் அனுமதியற்ற பேனர் விழுந்து இளம் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தபோது, அதை அச்சடித்த கடைக்கும் சீல் வைத்தார்கள். வைத்தது நியாயம்தான். ஆனால், ‘அண்ணே, காலையில கூட்டம், இப்பவே அடிச்சுக் குடுங்க’ என்று இரவில் வந்து நிற்பவரிடம் அனுமதி எண் கேட்டு, அந்த ஆர்டரையும் இழந்து, மெஷினுக்கான மாதத் தவணையையும் கடைக்காரர் கட்ட வேண்டும். எழுதியவரின் லாபக் கணக்கில் இதற்கு எந்த வரியில் இடம்?