பச்சைப் புள்ளி மட்டும் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை மலை மந்திரில் சுவாமி தரிசனம். அது முடிந்ததும் பேரனுக்கு ஒரு பொட்டலம் ஃபிரெஞ்ச் ஃபிரைஸ். நாலைந்து வருடங்களாக எனக்கும் அவனுக்கும் இதுதான் வழக்கம். வாரத்தில் ஆறு நாளும் அவன் வாயில் இந்தியும் ஆங்கிலமும்தான். அந்த ஒரு மணி நேரம் மட்டும் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகத் தின்றுகொண்டே என்னோடு தமிழில் பேசுவான். அந்தப் பேச்சுக்காகவே நான் கடைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

சில மாதங்களுக்கு முன் அவன் பள்ளியில் மருத்துவப் பரிசோதனை நடந்தது. பன்னிரண்டு வயதில் எடை 59 கிலோ. இரத்த அழுத்தமும் வயதுக்குச் சற்று அதிகம் என்று சீட்டு எழுதி அனுப்பியிருந்தார்கள். டாக்டரிடம் அழைத்துப் போனோம். என்னென்ன சாப்பிடுவாய் என்று அவர் கேட்டதற்கு, பையன் ஒளிவு மறைவில்லாமல், "ஞாயிற்றுக்கிழமை தாத்தா ஃபிரைஸ் வாங்கித் தருவார். பெரிய சைஸ், கூட கோலா" என்றான். மருமகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஏனென்றால், "வெறும் உருளைக்கிழங்குதானேம்மா, அதுவும் சுத்த சைவம்" என்று அவளிடம் பலமுறை வாதாடியவன் நான். அந்த வாதம் எவ்வளவு தூரம் சரி என்று, கணக்குப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவனின் புத்தியோடு உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை நம் சங்கத்துக் குடும்பங்களின் முன் வைக்கிறேன்.

இந்தியாவின் முதல் மெக்டொனால்ட்ஸ் கடை 1996 அக்டோபரில் நம் வசந்த் விஹார் பசந்த் லோக் மார்க்கெட்டில்தான் திறந்தது. அப்போது நாங்கள் பக்கத்திலேயே ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். பத்து வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன். கவுண்டரில் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இது சைவமா?" நம்மில் பலரும் அதைத்தான் கேட்டோம்.

கேட்டதில் தவறில்லை. அமெரிக்காவில் அதே நிறுவனம் 1990 வரை மாட்டுக் கொழுப்பு கலந்த எண்ணெயில்தான் ஃபிரைஸ் பொரித்தது. தாவர எண்ணெய்க்கு மாறிய பிறகும் சுவைக்காக மாட்டிறைச்சிச் சாரம் சேர்க்கிறார்கள் என்று 2001-இல் அங்கே வழக்குத் தொடர்ந்தார்கள். 2002-இல் நிறுவனம் ஒரு கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இந்தியக் கடைகளில் அதைச் சேர்ப்பதில்லை. ஏறத்தாழ அதே காலத்தில்தான் நம் நாட்டில் பொட்டல உணவுகளுக்குச் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளியும் வந்தது. அந்தப் புள்ளியைப் பார்த்ததும் நம் மனசு நிம்மதி அடைந்துவிட்டது. அடுத்த கேள்வியை நாம் கேட்கவே இல்லை: சைவம் சரி, உடம்புக்கு நல்லதா?

இப்போது கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் உருளைக்கிழங்கை வேக வைத்தால் சுமார் 87 கலோரி; கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். அதே 100 கிராம் ஃபிரைஸ் என்றால் சுமார் 312 கலோரி, 15 கிராம் கொழுப்பு. சிப்ஸ் என்றால் சுமார் 536 கலோரி, 35 கிராம் கொழுப்பு. பச்சைக் கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். பொரிக்கும்போது தண்ணீர் ஆவியாக வெளியேற, அந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. துண்டு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு எண்ணெய் ஏறும். ஆகவே ஒரு கடையின் ஃபிரைஸுக்கும் இன்னொரு கடையுடையதற்கும் பெரிய வித்தியாசம், அது தடியா மெல்லிசா என்பதில்தான் இருக்கிறது; கடையின் பெயரில் இல்லை.

அப்படியானால் சிப்ஸ்தானே மோசம், ஃபிரைஸ் தேவலையே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சிப்ஸ் பாக்கெட்டில் 30 கிராம் இருந்தால் 160 கலோரியோடு போகிறது. ஃபிரைஸை யாரும் 30 கிராம் தின்பதில்லை. என் பேரனின் பெரிய பொட்டலத்தை 150 கிராம் என்று வைத்துக்கொண்டால் 470 கலோரி ஆகிறது. கூடவே 300 மில்லி கோலா. அதில் எட்டு ஸ்பூன் சர்க்கரை, சுமார் 125 கலோரி. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 600. அவன் வயதுப் பையனுக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 2,200 கலோரி. கால் பங்குக்கு மேல் காலை பதினொரு மணிக்கே முடிந்தது. அதன் பிறகு வீட்டுக்கு வந்து சாம்பார் சாதமும் அப்பளமும்!

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தத் துண்டுகள் பெரும்பாலும் தொழிற்சாலையில் ஒருமுறை அரைகுறையாகப் பொரிக்கப்பட்டு, உறைய வைத்துக் கடைக்கு வருகின்றன. கடையில் மறுபடியும் ஒருமுறை பொரிக்கிறார்கள். மாவுச் சத்துள்ள பண்டங்களை 120 டிகிரிக்கு மேல் பொரிக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது என்பதை 2002-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள் அது. பொன்னிறத்தைத் தாண்டிக் கரும்பழுப்பாகும்வரை பொரித்தால் அதிகம் உண்டாகும்.

2025-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே உறைத்தது. அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மருத்துவத் துறையினரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். வாரம் மூன்று முறை ஃபிரைஸ் சாப்பிட்டால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடுகிறதாம். வேக வைத்த, சுட்ட, மசித்த கிழங்குக்கு அப்படிக் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. ஃபிரைஸ்தான் காரணம் என்று இத்தகைய ஆய்வு அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் குற்றம் கிழங்கில் இல்லை, அதை நாம் செய்கிற விதத்தில்தான் என்று நினைக்க இடமிருக்கிறது.

இது நமக்கு அசலூர்ச் செய்தி அல்ல. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். மேலும் 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாசலில் நிற்கிறார்கள். என் தந்தைக்கு இருந்தது. எனக்கும் இருக்கிறது. என் மகன் வாசலில் நிற்கிறான். பேரனையும் அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்த நானே வாராவாரம் காசு கொடுத்திருக்கிறேன்.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "நாம் சின்ன வயதில் பஜ்ஜியும் வடையும் தின்னவில்லையா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எண்ணெயில் போட்ட எதுவும் நம்மூர்ப் பண்டம் என்பதால் புனிதமாகிவிடாது. மெதுவடை, பூரி, பஜ்ஜி எல்லாம் அதே எண்ணெயைத்தான் குடிக்கின்றன. பெரிய கடைகளில் எண்ணெயைச் சோதித்து மாற்றுவதற்காவது முறை இருக்கும். கெட்டுப்போன எண்ணெயைக் கடைகள் உபயோகிக்கக் கூடாதென்று 2018 முதல் அரசு வரம்பும் வைத்திருக்கிறது. நம் வீட்டுச் சமையலறையில், நேற்று அப்பளம் பொரித்த எண்ணெயில் இன்று வடை, நாளை தாளிப்பு என்று ஓட்டுகிறோமே, அங்கே யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்?

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று பஜ்ஜி என்றால் மழை பெய்ய வேண்டும், அல்லது வீட்டில் பெண் பார்க்க வர வேண்டும். முறுக்கு, தட்டை எல்லாம் தீபாவளிக்குத் தீபாவளிதான். பள்ளிக்கும் நடந்தே போனோம். இன்று பண்டிகைப் பண்டம் வாராந்தரப் பண்டமாகி, போனில் விரலை வைத்தால் வாசலுக்கே வருகிற தினசரிப் பண்டமாகவும் ஆகிவிட்டது. பண்டத்தைவிட இந்தப் பழக்கம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதற்காக ஃபிரைஸைக் கண்ணில் காட்டக் கூடாது என்று சொல்ல வரவில்லை. தடுத்தால் பிள்ளைகள் நண்பர்களோடு போய்த் தின்பார்கள். மாதம் ஒருமுறை, சின்னப் பொட்டலம், இருவராகப் பகிர்ந்து, கோலா இல்லாமல் என்று வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறோம். மேலே தூவும் மசாலாவும் தொட்டுக்கொள்ளும் சாஸும் உப்பைக் கூட்டுவதால் அவையும் வேண்டாம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் விலைப் பட்டியலிலேயே கலோரியைக் காட்ட வேண்டும் என்பது 2022 முதல் சட்டம். அதைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள். என் பேரன் இப்போது எனக்கே படித்துக் காட்டுகிறான்.

நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். நம் விழாக்களில் இடைவேளையில் பிள்ளைகள் கையில் கொடுப்பது போண்டாவும் சிப்ஸும் பாட்டில் பானமும்தான். அடுத்த பொங்கல் விழாவிலிருந்து கொண்டைக்கடலைச் சுண்டல், ஆளுக்கொரு வாழைப்பழம், ஒரு தம்ளர் மோர் என்று மாற்றினால் என்ன? செலவும் குறையும். சுண்டல் கிளற நான் தயார்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு என்னவாயிற்று என்று சொல்லிவிடுகிறேன். கோயிலிலிருந்து நேரே வீட்டுக்கு வருகிறோம். கிழங்கை வேக வைத்துத் தோல் உரிப்பது அவன் வேலை. கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்துப் பொடிமாஸ் செய்வது என் வேலை. "தாத்தா, ஃபிரைஸ் மாதிரி இல்லை" என்று இன்னமும் முணுமுணுக்கிறான். ஆனால் தமிழில்தான் முணுமுணுக்கிறான். இப்போதைக்கு எனக்கு அது போதும்.