துவைக்காத துவாலையின் அறம்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் உள்ள விருந்தினர் பண்ணைகளைப் பற்றிய பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. மாடு மேய்க்கும் பண்ணையில் ஒரு வாரம் தங்கிக் குதிரையேறுகிறார்கள். துவாலையைத் தினமும் துவைக்கப் போடாதீர்கள், பூமிக்கு நல்லது என்று குளியலறையில் ஓர் அட்டை. காலை மேசையில் பக்கத்து ஊர்த் தேன். உடனே, மண்ணோடும் மக்களோடும் இயைந்த வாழ்வு என்று பாராட்டுப் பத்திரம் வாசித்துவிடுகிறார்கள். இதை நான் மறுக்கிறேன். அட்டையும் தேனும் பொய்யல்ல. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளை அவை மறைத்துவிடுகின்றன.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத் தீவனத்துக்கென அங்கே பல பண்ணைகள் பாசனம் செய்து புல் வளர்க்கின்றன. ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினால் அது 12 லட்சம் லிட்டரைத் தாண்டும். துவாலையில் மிச்சமாவது இதற்கு எம்மாத்திரம்? வறண்ட ஆண்டில் ஓடையில் மீனுக்கென்று எவ்வளவு விடுகிறீர்கள் என்று கேட்ட கட்டுரை எதுவும் என் கண்ணில் படவில்லை. மேய்ச்சலும் அப்படித்தான். கூட்டாட்சி அரசின் நிலத்தில் ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை கட்டணம் 1.35 டாலர். பொதுச்சொத்து தந்த இந்த மலிவைப் பண்ணையின் பண்பாக எழுதுவது நியாயமா?

இந்தத் தொழில் இயற்கைக் காதலில் பிறந்ததுமல்ல. ஈட்டன் சகோதரர்கள் டகோட்டாவில் 1879இல் மாட்டுப்பண்ணை தொடங்கினார்கள். 1882இல் விருந்தினரிடம் பணம் வாங்கத் தொடங்கினார்கள். அளவுமீறி மாடுகளை நிறைத்திருந்த அந்தப் புல்வெளிகளில் 1886-87 குளிர்காலம் மந்தைகளைக் கொன்று குவித்தது. அதன்பின் மாட்டை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்து என்பது எல்லோருக்கும் விளங்கியது. விருந்தினர் பணம் ஓர் ஊன்றுகோல். அதில் இழிவில்லை. அந்தப் பணம் வந்தால் நிலத்தை மனைகளாகக் கூறுபோட்டு விற்க வேண்டியதில்லை என்பதே விருந்தினர் பண்ணைக்கு ஆதரவான வலுவான வாதம்.

ஆனால் அதற்கு உத்தரவாதம் என்ன? ஒரு வழி இருக்கிறது. நிலத்தைப் பிரித்து வீடு கட்டும் உரிமையைப் பத்திரம் எழுதி நிரந்தரமாகத் துறந்துவிடலாம். மாடும் உடைமையும் பழையபடியே இருக்கும். அடுத்து வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். இதற்கென்றே கொலராடோ கால்நடை வளர்ப்போர் 1995இல் தமக்கென ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். வரிச்சலுகை கிடைக்கிறது, ஆகவே இது தியாகமல்ல என்பார்கள். இருக்கட்டும். உரிமையாளரின் மனம் மாறினாலும் பத்திரம் மாறாது. துவாலை அட்டையை நாளைக் காலையிலேயே எடுத்துவிடலாம்.

'சமூகம்' என்ற சொல்லுக்கும் இதே சோதனை வேண்டும். ஈட்டன் பண்ணை 1904இல் வயோமிங்கின் பிக்ஹார்ன் மலையடிவாரத்துக்கு இடம்பெயர்ந்தது. 1851 ஒப்பந்தம் க்ரோ மக்களுடையது என்று ஏற்ற நிலப்பகுதி அது. 1868 ஒப்பந்தம் அவர்களை மொன்டானா எல்லைக்கு வடக்கே ஒதுக்கியது. சமூகம் என்று சொல்லும்போது இவர்கள் கணக்கில் உண்டா? கோடை முழுதும் படுக்கை விரிக்கும் பணியாளருக்கு அந்த ஊரில் வாடகை கட்டுப்படியாகிறதா?

சிறு நற்செயல்களை இகழலாமா என்று கேட்பவர்களுக்கு: நான் இகழ்வது செயலை அல்ல, அதைக் காட்டிப் பெரிய கணக்கை மூடிவைப்பதை. அடுத்து எழுதப்போகிறவர் அட்டையைப் படம்பிடிக்க வேண்டாம். பத்திரம் எழுதியாயிற்றா என்று கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே எழுதட்டும்.