லைட் மினுங்கினால் யாரைக் கேட்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு, கடை, மில், பள்ளிவாசல் என்று எங்காவது கூரையில் சோலார் போட யோசிப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

நம்ம தெருவில் சில மாதங்களாக லைட் மினுங்கிக்கொண்டிருந்தது. ஃபேன் சத்தம் ஏறி இறங்கும். பிள்ளைகள் புத்தகத்தை விரித்தால் கண் கூசுகிறது, தலை இடிக்கிறது என்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு வீட்டுக்காரர் சோலார் போட்டிருந்தார். போதாதா? “அவர் போட்ட நாள் தொட்டுத்தான் இந்தக் கரைச்சல்” என்று பேச்சுக் கிளம்பியது. முறைப்பாடு கொடுத்தோம். வந்தவர் மீற்றரை வைத்துப் பார்த்து, “231 இருக்கு, வோல்டேஜ் சரி” என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு இரண்டு வீட்டுக்கும் இடையில் ஸலாம் நின்றது.

இஷாவுக்குப் பிறகும் மினுங்குகிறதே, இரவில் சோலார் எங்கே கரண்ட் தருகிறது என்று யோசிக்க நமக்கு மூன்று மாதம் எடுத்தது. பிறகு போஸ்டில் இளகியிருந்த ஒரு வயர் இணைப்பை இறுக்கினார்கள். மினுக்கம் நின்றது. சோலார் இன்றும் ஓடுகிறது. ஸலாம் திரும்பி வரத்தான் இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

மீற்றர் பிடித்தவர் பொய் சொல்லவில்லை. நாமும் பொய் சொல்லவில்லை. அதுதான் இங்கே விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம்.

இலங்கையில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். இதில் 6 வீதம் கூடலாம், குறையலாம். ஏறத்தாழ 216இலிருந்து 244 வரை இருந்தால் சரி என்று கணக்கு. ஆனால் அந்த எல்லைக்குள்ளேயே வோல்டேஜ் திரும்பத் திரும்ப ஆடினால் மீற்றருக்குப் பிரச்சினை இல்லை, கண்ணுக்குத்தான் பிரச்சினை. பழைய 60 வாட் குண்டு பல்பை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஒரு செக்கனுக்கு 9 தடவை அளவில் ஆடும் ஆட்டத்தைத்தான் நம் கண் மிகக் கூர்மையாகப் பிடிக்கிறது. அந்த வேகத்தில் அரை வோல்ட் அசைந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். சாதாரண மீற்றர் இதைக் காட்டாது.

ஆகவேதான் மினுக்கத்துக்குத் தனி அளவு ஒன்று சர்வதேசத் தரத்தில் இருக்கிறது. 10 நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து ஓர் எண் தருவார்கள். அந்த எண் 1 என்றால், சோதனைக்கு உட்பட்டவர்களில் பாதிப் பேரளவில் எரிச்சலடையும் நிலை. இப்படி 12 அளவுகளை, அதாவது 2 மணித்தியாலத்தைச் சேர்த்து நீண்ட நேர அளவு ஒன்றையும் கணக்கிடுவார்கள். காற்றாலை, பெரிய சோலார் போன்றவற்றை மின் வலையமைப்பில் இணைக்கும் ஒப்பந்தங்களில் மின்சாரத்தின் தரம் பற்றிய பகுதியில் எழுதப்படும் எல்லை இதுதான்.

கற்பிட்டிப் பக்கம் போனவர்கள் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் இறக்கையும் கோபுரத்தைத் தாண்டும் கணத்தில் காற்றின் தள்ளு சற்றுக் குறைகிறது. மாறாத வேகத்தில் சுற்றும் பழைய வகை இயந்திரமாக இருந்தால் அந்தக் குறைவு அப்படியே கம்பியில் போகும். புதிய வகைகளில் இடையிலுள்ள மின்னணுக் கருவி அதைச் சமப்படுத்திவிடும். சோலாரில் கதை வேறு. அங்கே முதல் பிரச்சினை பகலில் வோல்டேஜ் ஏறுவது. அளவு மீறினால் இன்வர்ட்டர் தானாக அணையும், பிறகு திரும்ப வரும். அந்த ஒவ்வொரு தடவையும் அயல் வீட்டு வோல்டேஜும் குதிக்கும்.

இன்னொன்று, ஒரே இயந்திரம் எல்லா இடத்திலும் ஒரே தொல்லையைத் தராது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்து வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் மற்ற வீட்டுக்குத் தெரியாது. மெல்லிய குழாயின் கடைசி வீட்டில் திறந்தால் அயல் வீடெல்லாம் தெரியும். மின் கம்பியும் அப்படித்தான். உப மின் நிலையத்துக்குக் கிட்டே தாங்கும் இயந்திரம், லைனின் கடைசி ஊரில் தாங்காது. கடைசி ஊர் பெரும்பாலும் யாருடையது என்று நமக்குத் தெரியும்.

இனி நம் பக்கக் குறையைப் பேசுவோம். 2016இல் சூரியபல சங்கிராமய திட்டம் வந்தபோது முதல் 7 வருடத்துக்கு யூனிட்டுக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடத்துக்கு 15.50 ரூபா என்பது எல்லோருக்கும் மனப்பாடம். 20 வருட ஒப்பந்தத்தில் நாம் வாசித்தது அந்த ஒரு வரியைத்தான். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதச் சொன்னது வாசிப்பதற்காகவும்தானே?

“இப்படியெல்லாம் கேட்டால் யாரும் சோலார் போட மாட்டார்கள்” என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமான பயம். ஆகையால் ஒரு சின்ன வீட்டுக் கூரைக்குப் பெரிய பரிசோதனை வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அங்கே இன்வர்ட்டர் தரச் சான்றிதழைக் கேட்டு வாங்கினால் போதும். பெரிய கூரை, மண்டபம், மில், காற்றாலை என்று வந்தால் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும்:

1. மினுக்கத்துக்கான எல்லை எவ்வளவு, எந்த இடத்தில் அளப்பது?
2. இணைப்பதற்கு முன்பு ஒரு வாரம் அளந்தார்களா?
3. இணைத்த பிறகு மீண்டும் ஒரு வாரம் அளப்பது யார், செலவு யாருடையது?
4. எல்லை மீறினால் எத்தனை நாளில் திருத்துவது?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். முன்னைய அளவு கையில் இல்லாவிட்டால் பின்னையதை எதோடு ஒப்பிடுவது? நம்ம தெருவில் அந்த ஒரு தாள் இருந்திருந்தால் ஒரு மனிதர் மூன்று மாதம் வீண் பழி சுமந்திருக்க மாட்டார்.

2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருண்டதையும், அந்த ஏப்ரலில் விடுமுறை நாட்களில் கூரைச் சோலாரை அணைக்கும்படி மின்சார சபை கேட்டதையும் இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அது முழு நாட்டின் உற்பத்தியும் பாவனையும் சமப்படும் விஷயம். நாம் பேசுவது ஒரு தெருவின், ஒரு லைனின் விஷயம்.

சோலாருக்கு நாம் எதிரி இல்லை. நம் கூரையில் வெயில் காசாகட்டும். ஆனால் அந்தக் காசுக்காக அடுத்த வீட்டுப் பிள்ளையின் கண் கூசக் கூடாது. அடுத்த வீட்டுக்காரரைக் காரணமில்லாமல் குற்றம் சொல்லவும் கூடாது. அயலவர் உரிமை என்று ஜும்ஆவில் கேட்பது இரண்டு பக்கத்துக்கும்தான்.

பள்ளி நிர்வாக சபைகளும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் கையெழுத்துப் போடும் முன் இந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதில் வாய்ப்பேச்சாக வந்தால் வாங்காதீர்கள்.