சத்தம் வந்தால் சக்கரத்தைக் கழற்றுங்கள்



"பிரேக் மிதித்தால் கரகரவென்று சத்தம் வருகிறது. லோடை இறக்கிவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாமா?" லாரி ஓட்டும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வேண்டாம் என்பதுதான் என் பதில்.

எல்லாச் சத்தமும் ஆபத்தானதல்ல. மழையில் இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்குக் கரகரத்தால், அது டிரம்மில் பூத்த துருவாக இருக்கும், தானே போய்விடும். போகவில்லை என்றால் காரணம் தேடியே ஆக வேண்டும்.

முதலில், சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பெடலை மிதிக்கும்போது மட்டும் வந்தால் சந்தேகம் லைனிங் மீது. அது தேய்ந்து தீர்ந்ததும் ரிவெட் தலைகள் டிரம்மை உரசும். அதற்குப் பிறகும் ஓட்டினால் ஷூவின் இரும்பே டிரம்மை அறுக்கும். மிதிக்காதபோதும் சத்தம் தொடர்ந்தால் ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்தோ, கேம் ஷாஃப்ட் இறுகியோ ஷூ பின்வாங்காமல் நிற்கலாம். டிரம்முக்கும் டஸ்ட் கவருக்கும் இடையே சிறு கல் மாட்டியிருந்தாலும் இப்படித்தான் கேட்கும். வளைவில் திரும்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கைப் பாருங்கள்.

அடுத்து, எந்தச் சக்கரம் என்பது. சிறிது தூரம் ஓட்டி, சமதளத்தில் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். மற்றவற்றைவிட அதிகமாகக் கொதிப்பதில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். பட்டறையில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றிப் பார்த்தால் உரசல் காதுக்குத் தெரியும். மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங் ஆட்டம் தெரியும். ஸ்பிரிங் பிரேக் சேம்பரை மட்டும் பழக்கமில்லாதவர்கள் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிரே போகும்.

லைனிங் மாற்றினால் அதே அச்சின் இரு பக்கமும் மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி இழுக்கும். ஆயில் சீல் கசிந்து நனைந்த லைனிங்கைக் கழுவி மாட்டாதீர்கள். டிரம்மில் விரிசல் இருந்தாலும், லேத்தில் கடைந்து அதிகபட்ச விட்டத்தைத் தாண்டிவிட்டாலும் புது டிரம்தான்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயை நினைத்துப் பாருங்கள். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக் போட்டால் டிரம் சூடாகி விரியும், ஷூவை விட்டு விலகும். லைனிங் தேய்ந்து, ஸ்லாக் அட்ஜஸ்டரும் சரிசெய்யப்படாத வண்டியில், புஷ் ராடு தன் முழு நீளத்துக்கு நீண்ட பிறகும் ஷூ டிரம்மை இறுகப் பிடிக்காது. மீட்டரில் காற்று முழுதாகக் காட்டும், வண்டி நிற்காது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினால் என்ஜினின் பிடியும் போய்விடும். சமவெளியில் வெறும் சத்தமாக இருந்த கோளாறு, கணவாயில் முன்னால் போகிறவர்களின் உயிரையும் கேட்கும்.

சத்தத்தை முதலில் கேட்பவர் ஓட்டுநர். ஆனால் வண்டியை நிறுத்தலாமா என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் உரிமையாளர். டெலிவரி தாமதமானால் வாடகையில் பிடித்தம், மாதத் தவணை என்று அவருக்கும் நெருக்கடி உண்டு. அதை அறிந்தே கேட்கிறேன்: "சத்தம் வருகிறது" என்று ஓட்டுநர் போனில் சொன்னால், "பார்த்து ஓட்டிட்டு வாப்பா" என்று சொல்லாதீர்கள். "பக்கத்துப் பட்டறையில் விடு, பணம் அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு நாள் வாடகையை இன்னொரு நாள் சம்பாதித்துவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்