விளக்கு பளிச்சிட்டால் மகிழாதீர்!

 

சமையலறையில் மிக்ஸியை ஓட்டுகிறீர்கள். கூடத்து விளக்கு முன்னிலும் பளிச்சென்று ஒளிர்கிறது. அதே வேளையில் மற்றோர் அறையின் மின்விசிறி தளர்ந்து சுழல்கிறது. "இன்று கரண்ட் சரியில்லை" என்று கூறிவிட்டு நம்மில் பலர் அடுத்த வேலையைக் கவனிக்கச் சென்றுவிடுகிறோம். இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. நியூட்ரல் கம்பியின் இணைப்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை இது.

ஃபேஸ் கம்பி வழியே வரும் மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதையே நியூட்ரல். இவ்விரண்டிற்கும் இடையே இருக்க வேண்டியது 230 வோல்ட். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள இல்லத்தில், ஒரு ஃபேஸுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஏறத்தாழ 400 வோல்ட் உண்டு. நியூட்ரல் அறுந்துவிட்டால், வெவ்வேறு ஃபேஸ்களில் உள்ள சாதனங்கள் இந்த 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக் கொள்ளும். அப்பங்கீட்டில் நீதி இராது. ஒரு ஃபேஸில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியும், மற்றொன்றில் 100 வாட் குண்டு பல்பும் மட்டுமே இயங்குவதாகக் கொள்வோம். இஸ்திரிப் பெட்டிக்கு 40 வோல்ட் கூடக் கிட்டாது. பல்பின் மீது 360 வோல்ட்டுக்கு மேல் பாயும். பல்பு போனால் போகட்டும்; அவ்விடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால்?

ஒரே ஃபேஸ் உள்ள வீட்டாரும் கவலையற்றிருக்க இயலாது. தெருக்கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், அண்டை வீடுகளுக்கிடையே இதே பங்கீடு நிகழும். வீட்டுக்குள் அறுந்தாலோ விளக்குகள் எரியா. ஆயினும் பிளக்கின் இரு துளைகளிலும் டெஸ்டர் ஒளிரக்கூடும். கரண்ட் இல்லையென்று எண்ணிக் கம்பியைத் தொடுவது உயிருக்கே ஆபத்து.

வேறுபாட்டை இவ்வாறு அறியலாம். எல்லா விளக்குகளும் ஒருசேர மங்கினால், அது பெரும்பாலும் சாதாரண மின்னழுத்தக் குறைவு. ஒன்று மங்க மற்றொன்று பிரகாசித்தால், நியூட்ரலையே சந்தேகிக்க வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று கம்பி இணைப்புகளை அரித்துவிடுவதால், அங்கு வாழ்வோர் கூடுதல் விழிப்புடன் இருத்தல் நலம்.

அறிகுறி கண்டவுடன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மின்வாரியத்திற்குத் தெரிவியுங்கள், அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். வீட்டினுள் உள்ள பழுதைத் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனிடம் ஒப்படையுங்கள்.

சிலர் அவசரத்திற்கு எர்த் கம்பியையே நியூட்ரலாக இணைத்துவிடுவர். விளக்கு எரியும், ஆனால் எர்த் சற்றே பழுதுபட்டாலும் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும் கிரைண்டரின் உடலிலும் மின்சாரம் ஏறும். ஈரக்கையுடன் அவற்றைத் தொடுவோர் நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமே. இத்தகைய ஏற்பாட்டிற்கு ஒருபோதும் இசையாதீர்கள். நியூட்ரலில் மட்டும் தனியே ஃபியூஸ் பொருத்துவதையும் அனுமதியாதீர்கள். அந்த ஃபியூஸ் போனால், நியூட்ரல் அறுந்ததற்கு ஒப்பாகும்.

உறங்குமுன் விளக்குகளை அணைத்துவிடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் உம்மத்திற்கு அறிவுறுத்தினார்கள். வீட்டார் நெருப்புக்கு இரையாகிவிடக் கூடாது என்ற கருணையே அதன் அடிப்படை. எண்ணெய் விளக்கு மறைந்து மின்விளக்கு வந்துவிட்டது. அந்தக் கவனம் மறைந்துவிடலாகாது. குடும்பத்தாரின் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இன்றே உங்கள் வீட்டின் இணைப்புகளைச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.