ஓசோன் ஓட்டையும் நமது மூடநம்பிக்கையும்

ராஜபாளையத்தில் சமீபத்தில் நடந்த கூட்டமொன்றில், கத்திரி வெயில் இவ்வளவு கடுமையாயிருப்பதற்குக் காரணம் ஆகாயத்தில் ஓசோன் ஓட்டை விழுந்துவிட்டதுதான் என்று நாம் பேசினோம். கூட்டத்தார் கை தட்டினார்கள். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அதையே திருப்பிச் சொன்னபோது, குளிர்பெட்டி பழுது பார்க்கும் வாலிபத் தோழர் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்த ஓட்டை தென் துருவத்துக்கு மேலல்லவா இருக்கிறது? நம் ஊர் வெயிலுக்கு அது எப்படிக் காரணமாகும்?" என்று கேட்டார். நமக்குப் பதில் வரவில்லை. பிறகு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்ததில் தோழர் சொன்னதே சரியென்று கண்டோம். வெயிலைச் சூரிய பகவானின் கோபம் என்கிறவரைப் பரிகசிக்கும் நாம், காரணம் தெரியாமல் "ஓசோன்" என்று சொல்லுவோமானால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே விஷயத்தை உள்ளபடி எழுதுவது நமது கடமையாகின்றது.

ஆதியில் குளிர்பெட்டிகளில் அம்மோனியா முதலிய விஷ வாயுக்களே இருந்தன. அவை கசிந்தால் உயிருக்கு ஆபத்து. 1928-ல் அமெரிக்காவில் மிட்ஜ்லி என்பவர் குளோரோ புளோரோ கார்பன் என்னும் வாயுவை இதற்காகக் கண்டுபிடித்தார். அது எரியாது, நாறாது, எதனோடும் எளிதில் சேராது. உலகமே அதை மெச்சிற்று. ஆனால் அந்தக் குணமே பின்னர் குற்றமாயிற்று. மழையில் கரையாததாலும், கீழ்க்காற்றில் அதை அழிக்க வல்லது ஒன்றுமில்லாததாலும், கசிந்த வாயு பல பத்தாண்டுகள் அப்படியே மிதந்துகொண்டிருக்கிறது.

"காற்றைவிட நாலு மடங்கு கனமான வாயு மேலே எப்படிப் போகும்?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். ராஜபாளையம் நூற்பாலைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். பஞ்சுத் தூசி காற்றைவிடக் கனமானதே. ஆனாலும் காற்று ஓடிக்கொண்டிருப்பதால் அது கூரை மட்டும் ஏறி நிற்கிறது. அதுபோலவே காற்றோட்டம் இவ்வாயுவையும் கலக்கி மேலே கொண்டு போகிறது. பலூன்களை அனுப்பி அங்கே அது இருப்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

நிற்க, 20 கிலோ மீட்டருக்கு மேலே நடப்பதுதான் முக்கியம். சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் உண்டு. அதில் மிகுந்த சக்தியுடைய பகுதியை மேலேயுள்ள காற்றும் ஓசோனும் தடுத்துவிடுவதால் அது தரைக்கு வருவதில்லை. உயரே போன வாயுவின் மேல் அக்கதிர் பட்டதும், கார்பனோடு கட்டுண்டிருந்த குளோரின் அணு அறுபட்டு வெளிவருகிறது. அது ஓசோனிடமிருந்து ஒரு ஆக்சிஜன் அணுவைப் பிடுங்கிக்கொள்ளுகிறது. வேறொரு தனி ஆக்சிஜன் அணு வந்து அதைப் பறித்துக்கொண்டவுடன், குளோரின் மறுபடியும் விடுதலையாகி அடுத்த ஓசோனைத் தேடுகிறது. லேவாதேவிக்காரன் முதல் குறையாமல் வட்டி வாங்கிக்கொண்டே இருப்பது போல, ஒரே குளோரின் அணு 1,00,000 ஓசோன் மூலக்கூறுகள் வரை அழித்துவிடக்கூடும்.

1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வாயு செய்யும் கம்பெனிகள் மறுத்தன. 1985-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அண்டார்க்டிகாவின் வசந்த காலத்தில் ஓசோன் வெகுவாய்க் குறைவதை அளந்து வெளியிட்டார்கள். அங்குள்ள கடுங்குளிரில் உண்டாகும் பனி மேகங்கள் குளோரினின் வேலையைத் துரிதப்படுத்துவதால்தான் ஓட்டை அங்கே விழுகிறது. நம் நாட்டின் மேலோ குறைவு மிகச் சொற்பமே. மேலும் புற ஊதாக் கதிர் தோலையும் கண்ணையும் கெடுக்குமேயன்றி, நாம் உணரும் வெக்கை அதனால் உண்டாவதல்ல.

ஆனால் இவ்வாயுவுக்கும் பூமியின் சூட்டுக்கும் வேறொரு வழியில் சம்பந்தமுண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, செகந்திராபாத்தில் குளிர்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த வீரபத்திரன் ராமநாதன், இது கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறதென்று 1975-ல் நிரூபித்தார்.

1987-ல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்து, ஆஸ்துமா மருந்துக்கு வேண்டியது நீங்கலாக, 2008-ல் இவ்வாயுவின் உற்பத்தியை நிறுத்திற்று. இப்படியே நடந்துவந்தால் துருவத்து ஓட்டை 2066-ம் ஆண்டு வாக்கில் மூடுமென்று கணக்கிட்டிருக்கிறார்கள். யாகத்தாலோ அபிஷேகத்தாலோ அல்ல, மனிதன் தன் தப்பை அளந்து அறிந்து ஒப்புக்கொண்டதால்தான் இது சாத்தியமாயிற்று.

நாமும் நமது தப்பை ஒப்புக்கொள்ளுகிறோம். மேடையில் சொன்னதை வாபஸ் பெறுகிறோம். பழைய குளிர்பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும் தோழர்கள், குழாயை அறுத்து வாயுவை வெளியே விடாமல், வேலை தெரிந்தவரைக் கொண்டு உருளையில் பிடித்து வைக்கச் செய்ய வேண்டுகிறோம். யார் சொன்னாலும், நாமே சொன்னாலும், "எப்படி?" என்று எழுந்து கேளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழர் செய்ததும் அதுவேயாகும்.