பனைமரத்தின் வரி யாருக்கு?

அச்சுவேலியிலும் குடாநாட்டின் பிற ஊர்களிலும் சீவல் தொழிலாளர் உயிரைப் பணயம் வைத்து இறக்கும் கள், தவறணையை அடையுமுன்னரே மதுவரிச் சட்டத்தின் பிடிக்குள் வந்துவிடுகின்றது. ஆயின், அந்த வருவாய் யாருக்குரியது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

கள்ளின் மீதான வரி நமக்குப் புதியதன்று. பழந்தமிழில் 'ஈழம்' என்ற சொல்லுக்குக் கள் என்றும் பொருளுண்டு. கள் இறக்குவோரிடம் பெறப்பட்ட வரி பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில் 'ஈழம்பூட்சி' எனக் குறிக்கப்படுகின்றது. மன்னர்கள் ஊரொன்றைக் கொடையாக அளித்தபோது, இவ்வரியும் அவ்வூரைப் பெற்றவர்களுக்கே உரியதாயிற்று.

ஆங்கிலேயர் காலத்தில் நிலைமை மாறியது. கள், சாராய விற்பனை உரிமை குத்தகைக்கு விடப்பட்டு, அரசாங்கமும் குத்தகைக்காரரும் பயனடைந்தனர். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டம் இத்துறையை அனுமதிப்பத்திரங்களின் வழியே அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் வைத்தது.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இதில் முக்கியமானதொரு மாற்றத்துக்கு வழிவகுத்தது. அதன் ஒன்பதாம் அட்டவணை, கள் குத்தகைப் பணத்தையும் மரம் சீவும் அனுமதிக் கட்டணத்தையும் மதுபான அனுமதிக் கட்டணத்தையும், பாராளுமன்றம் விதிக்கும் வரையறைகளுக்குட்பட்டு, மாகாணங்களின் நிரலில் சேர்த்தது. ஆனால், 2013இல் தெரிவான வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. உரிமை ஏட்டில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் சபைதான் இருக்கவில்லை.

மது விலக்கப்பட்டதெனக் கருதும் முஸ்லிம் மக்களுக்கும் மதுவை வெறுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதில் என்ன அக்கறை என்று கேட்கப்படலாம். குடியை வளர்க்குமாறு நாம் கூறவில்லை. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கினால் அதே பனை கருப்பநீரைத் தருகின்றது. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி கிடைக்கின்றது. கள்ளின் வரி இம்மாற்றத்துக்கும், மரத்திலிருந்து விழுந்து ஊனமுறும் தொழிலாளியின் குடும்பத்தைக் காப்பதற்கும் செலவிடப்படுமாயின், அதனை எவரும் எதிர்க்கமாட்டார்கள்.

எனவே மாகாண சபைகள் மக்கள் பிரதிநிதிகளுடன் இயங்கவேண்டும். அவை இவ்வருவாயில் ஒரு பங்கைப் பிரதேச சபைகளுக்கு வழங்கவும் வேண்டும். பனை நிற்கும் மண்ணுக்கும் அதில் ஏறும் மனிதனுக்கும் திரும்பி வராத வரி, பழைய குத்தகையின் புதிய வடிவமாகவே இருக்கும்.